விண்மீன்களின் உஷ்ணம் அறிந்த மேதை மேகநாத் சாஹா

மாதந்தோறும் என் பிறந்த நட்சத்திரம் வரும் நாளில் ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் அழைத்துவிடுவார்கள். இன்று திருவாதிரை, மறக்காமல் கோயிலுக்குப் போய் வா என்பதுதான் செய்தி. கோயிலுக்குப் போகிறேனோ இல்லையோ, குளிர்காலமாயிருந்தால் அன்றிரவு விடுதியின் மொட்டை மாடிக்கு ஏறி, வானத்துத் திருவாதிரையை ஒரு முறை பார்த்துவிட்டு வருவது என் வழக்கம். கொல்கத்தாவின் புகையையும் தெருவிளக்குகளையும் மீறிக் கண்ணுக்குப் புலப்படும் சில விண்மீன்களுள் அதுவும் ஒன்று. அடுப்பிலிட்ட கரியைப் போலச் சிவந்து தோன்றும். அதற்குத் தென்கிழக்கே சிரியஸ் என்னும் மீன் வெள்ளை வெளேரென்று சுடர்விடும். மறுபக்கத்தில் ரோகிணி, கமலாப் பழத்தின் நிறத்தில் மினுங்கும்.

ஒரே வானத்தில் ஏன் இத்தனை நிறங்கள்? சிவந்த மீனும் வெளுத்த மீனும் வெவ்வேறு பொருள்களால் ஆனவையா? அல்லது ஒரே பொருள்தான் வெவ்வேறு கோலம் காட்டுகிறதா? உலகத்து வானியல் அறிஞர்களைப் பல்லாண்டுகள் திகைக்க வைத்த கேள்வி இது. இதற்கு விடை எழுதியவர், நாம் அன்றாடம் பஸ்ஸில் கடந்து செல்லும் தெருக்களில் நடந்தவர். நம்மில் சிலர் பாடம் கேட்கும் ராஜாபஜார் விஞ்ஞானக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். விடை எழுதியபோது அவருக்கு வயது 26. அவர்தாம் மேகநாத் சாஹா.

நம் தமிழ் நண்பர்களுக்குக் கொல்கத்தாவின் விஞ்ஞானம் என்றால் சர் சி. வி. ராமனின் நினைவு வரும். அது இயல்பே. ஆனால் சாஹாவின் வாழ்க்கையை நாம் போதிய அளவு அறிந்திருக்கவில்லை என்பது என் எண்ணம். ஆகவே இக்கட்டுரை.

இளமையும் வறுமையும்

1893ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள், டாக்கா மாவட்டத்தில் சியோராத்தலி என்னும் சிற்றூரில் சாஹா பிறந்தார். அவ்வூர் இன்று வங்காள தேசத்தில் உள்ளது. இடியும் மழையுமாயிருந்த இரவில் பிறந்ததால் மேகத்தின் பெயரை வைத்தார்கள் என்பர். தந்தை ஜகந்நாத் சாஹா ஒரு சிறு மளிகைக் கடை வைத்திருந்தார். தாய் புவனேசுவரி தேவி. எட்டுக் குழந்தைகளில் மேகநாத் ஐந்தாமவர். கடை வருமானம் வயிற்றுக்கே போதவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், பையன் கடையில் உட்காரட்டும் என்றே தந்தை நினைத்தார்.

ஊரில் ஆரம்பப் பள்ளிக்கு மேல் படிக்க வழியில்லை. நடுநிலைப் பள்ளியோ ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் சிமுலியா என்னும் ஊரில் இருந்தது. சணல் நிறுவனத்தில் சிறு வேலையிலிருந்த மூத்த சகோதரர் ஜெய்நாத், தம்பியின் படிப்புக்காக அலைந்தார். அவர் முயற்சியால் சிமுலியாவில் அனந்தகுமார் தாஸ் என்னும் வைத்தியர், பையனுக்குத் தம் வீட்டில் இடமும் சோறும் தர முன்வந்தார். பையன் தன் தட்டைத் தானே கழுவ வேண்டும். வீட்டுப் பசுவையும் கவனித்துக் கொள்ள வேண்டும். இவ்வளவே நிபந்தனை. மாட்டுக் கொட்டிலுக்கும் பள்ளிக்கூடத்துக்குமாக ஓடிய அந்தச் சிறுவன், நடுநிலைத் தேர்வில் டாக்கா மாவட்டத்திலேயே முதல்வனாகத் தேறினான். மாதம் 4 ரூபாய் உதவிச் சம்பளம் கிடைத்தது.

1905இல் டாக்கா கல்லூரிப் பள்ளியில் சேர்ந்தார். அது வங்காளப் பிரிவினையின் ஆண்டு. மாகாண ஆளுநர் பள்ளியைப் பார்வையிட வந்தபோது மாணவர்கள் எதிர்ப்புக் காட்டினர். அதில் கலந்துகொண்ட குற்றத்துக்காக மேகநாத் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். உதவிச் சம்பளமும் போயிற்று. வேறொரு தனியார் பள்ளி அவரைக் கட்டணமின்றி ஏற்றுக்கொண்டது. 1909இல் நுழைவுத் தேர்வில் கிழக்கு வங்காளத்தில் முதலிடம் பெற்றார். பின்னர் டாக்கா கல்லூரியில் படித்தபோது ஜெர்மன் மொழியையும் கற்றார். அந்த ஜெர்மன் பிற்காலத்தில் அவருக்கு எவ்வளவு உதவியது என்பதைப் பின்னே காண்போம்.

கல்கத்தாவில் மாணவர்

1911இல் சாஹா கல்கத்தா மாநிலக் கல்லூரிக்கு வந்தார். அது ஒரு பொற்காலம். ஜகதீச சந்திர போஸ் பௌதிகமும், பிரபுல்ல சந்திர ராய் இரசாயனமும் கற்பித்தனர். சத்தியேந்திர நாத் போஸ் உடன்படித்த நண்பர். 1913இல் பி.எஸ்ஸி. தேர்விலும், 1915இல் எம்.எஸ்ஸி. தேர்விலும் போஸ் முதலிடம், சாஹா இரண்டாமிடம்.

வகுப்பறையில் இவ்வாறு சமமாய் அமர்ந்தவருக்கு விடுதியில் வேறு அனுபவம் காத்திருந்தது. அவர் தங்கிய ஈடன் இந்து விடுதியின் உணவுக் கூடத்தில், அவருடன் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ண உயர் சாதி மாணவர் சிலர் மறுத்தனர். சாஹா சமூகம் வணிகம் செய்து பிழைத்த சமூகம். அந்நாளைய வங்காளத்துச் சாதிப் படியில் தாழ்வாக வைக்கப்பட்டிருந்தது. மாவட்டத்தில் முதல்வன், மாகாணத்தில் முதல்வன் என்ற பெருமை எதுவும் சோற்றுத் தட்டருகே செல்லுபடியாகவில்லை. பிற்பாடு அவர் விடுதியை விட்டு வெளியேறி நண்பர்களுடன் தனி மெஸ்ஸில் தங்கினார்.

இதைப் படித்து வங்காளிகளைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. நான் இந்நகருக்கு வந்த புதிதில் நம்மவர் வீட்டு விருந்து ஒன்றுக்குச் சென்றிருந்தேன். ஒரு பெரியவர் அன்போடு என் ஊரை விசாரித்தார். ஊரைச் சொன்னதும் தெருவை விசாரித்தார். தெருவைச் சொன்னதும் பேச்சை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டர் கடந்து வந்தும் தெருவை நாம் கையோடு கொண்டுவந்துவிட்டோம். நூறாண்டுக்கு முந்தைய அந்த உணவுக் கூடம் நமக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை.

படிப்பு முடிந்ததும் இந்திய நிதித்துறைத் தேர்வு எழுத சாஹா விரும்பினார். புரட்சியாளர்களோடு பழக்கமுள்ளவர் என்ற ஐயத்தால் அரசு அனுமதி மறுத்தது. காலையும் மாலையும் சைக்கிளில் சென்று வீடு வீடாகப் பாடம் சொல்லிக் கொடுத்துக் குடும்பத்தைக் காத்தார். ஒரு விந்தையைப் பாருங்கள். நிதித்துறை சாஹாவை உள்ளே விடவில்லை. அதே நிதித்துறையில் உயர்ந்த பதவியிலிருந்த திருச்சிராப்பள்ளி இளைஞர் ராமன், 1917இல் அதை உதறிவிட்டு விஞ்ஞானக் கல்லூரிப் பேராசிரியரானார். இருவரையும் ஒரே கட்டடத்துக்குக் கொண்டுவந்தவர் துணைவேந்தராயிருந்த அசுதோஷ் முகர்ஜி. தாரக்நாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் என்னும் வழக்கறிஞர் இருவர் அளித்த பெருநன்கொடையால் எழுந்ததே அந்தக் கல்லூரி. சாஹாவும் போஸும் 1916இல் அங்கு விரிவுரையாளர்களாக அமர்ந்தனர்.

சாஹா எம்.எஸ்ஸி. வகுப்பில் கற்றது கணிதம். கற்பிக்க நேர்ந்ததோ பௌதிகம். இரவில் தாம் படித்து மறுநாள் மாணவர்க்குச் சொல்ல வேண்டிய நிலை. யுத்த காலமாதலால் ஐரோப்பிய நூல்கள் கிடைப்பதும் அரிது. கிடைத்த ஜெர்மன் நூல்களைத் தாமே படித்தார். ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கைக் கட்டுரைகளைச் சாஹாவும் போஸும் ஆங்கிலத்தில் பெயர்த்தனர். கல்கத்தாப் பல்கலைக் கழகம் 1920இல் அதை வெளியிட்டது. ஆங்கிலத்தில் முதன்முதல் வந்த ஐன்ஸ்டைன் மொழிபெயர்ப்புகளுள் அது ஒன்று.

விண்மீன் வகைகளின் புதிர்

இனி நம் கேள்விக்கு வருவோம். விண்மீனின் ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் பிரித்தால் வானவில்லைப் போன்ற நிறமாலை கிடைக்கிறது. அதன் குறுக்கே கருங்கோடுகள் காணப்படும். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய கோடுகள் உண்டு. கைரேகை போல என்று வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் ஹார்வர்டு வானாய்வு நிலையத்தில் ஆனி ஜம்ப் கானன் என்னும் பெண்மணி இத்தகைய நிறமாலைகளை லட்சக்கணக்கில் பார்த்து வகைப்படுத்தினார். ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று ஏழு முக்கிய வகைகள். ஏ வகையில் ஹைட்ரஜன் கோடுகள் தடித்து விளங்கும். நம் சூரியன் ஜி வகை. அதில் கால்சியம், இரும்பு முதலிய உலோகக் கோடுகள் மிகுதி. எம் வகையில் டைட்டானியம் ஆக்சைடு போன்ற மூலக்கூறுகளின் பட்டைகள் தெரியும். ஓ வகையில் ஹீலியக் கோடுகள் உண்டு. நிறத்தைக் கொண்டு பார்த்தால் ஓ மிகச் சூடானது, எம் மிகக் குளிர்ந்தது என்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஆனால் கோடுகள் ஏன் இப்படி மாறுகின்றன என்பது விளங்கவில்லை. ஹைட்ரஜன் நிறைந்த மீன், கால்சியம் நிறைந்த மீன், ஹீலியம் நிறைந்த மீன் என்று பொருளாலேயே வேறுபட்ட தனித்தனி இனங்கள் இருப்பதாக எண்ண இடமிருந்தது.

சாஹா செய்தது என்ன? உஷ்ணம் ஏறினால் அணுவிலிருந்து எலெக்ட்ரான் ஒன்று பிரிந்துவிடும். எஞ்சிய அணுவை அயனி என்கிறோம். அயனியின் கோடுகள் வேறு, முழு அணுவின் கோடுகள் வேறு. ஜெர்மன் அறிஞர் எகர்ட் 1919இல் எழுதிய கட்டுரை ஒன்று, விண்மீன்களின் உட்புறத்தில் அணுக்கள் இவ்வாறு சிதைவதை இரசாயன மாற்றம் போலவே கணக்கிடலாம் என்று காட்டியிருந்தது. சாஹா அதைப் படித்தார். கற்ற ஜெர்மன் மொழி இங்கே கைகொடுத்தது. எகர்ட் உத்தேசமாக வைத்திருந்த இடத்தில், ஒவ்வொரு தனிமத்திலும் எலெக்ட்ரானைப் பிரிக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து கண்ட அளவைச் சாஹா புகுத்தினார். உஷ்ணநிலை, அழுத்தம், இந்த ஆற்றல் ஆகிய மூன்றும் தெரிந்தால், நூற்றுக்கு எத்தனை அணுக்கள் அயனியாகியிருக்கும் என்று சொல்லிவிடலாம். இதுவே சாஹா சமன்பாடு.

இதில் அழுத்தத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். உதகமண்டலத்தில் சமைத்தவர்களுக்கு இது தெரியும். அங்கே காற்றழுத்தம் குறைவு. ஆகவே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது, பருப்பு வேக நேரமாகிறது. அவ்வாறே அழுத்தம் குறைந்த இடத்தில் அணுவும் எளிதில் எலெக்ட்ரானை இழந்துவிடும். பிரிந்த எலெக்ட்ரானுக்கு மீண்டும் ஒட்டிக்கொள்ளத் துணை கிடைப்பதும் அரிது. சூரியனின் மேல் வளிமண்டலத்தில் மிக உயரத்திலும் கால்சியம் அயனிகளின் கோடுகள் தெரிவது ஏன் என்ற பழைய புதிர் இதனால் அவிழ்ந்தது. இக்கட்டுரையை அவர் கல்கத்தாவிலிருந்தே அனுப்பினார். 1920 அக்டோபரில் இங்கிலாந்தின் தத்துவ சஞ்சிகை அதை வெளியிட்டது.

பிறகு லண்டன் சென்று ஆல்பிரட் ஃபௌலரின் ஆய்வுக்கூடத்தில் சில மாதங்கள் இருந்தார். ஃபௌலரிடம் நிறமாலைகளைப் பற்றிய செய்திகள் குவிந்து கிடந்தன. அவற்றைக் கொண்டு, ஹார்வர்டு வகைகள் அனைத்தையும் தம் சமன்பாட்டால் விளக்கும் கட்டுரையை 1921இல் வெளியிட்டார்.

நமக்குப் பழக்கமான நட்சத்திரங்களை வைத்தே இதைச் சொல்லிப் பார்ப்போம். திருவாதிரையும் கேட்டையும் எம் வகை. மேற்பரப்பின் உஷ்ணம் ஏறத்தாழ 3,600 கெல்வின். ரோகிணி 3,900, சுவாதி 4,300. இவை கே வகை. சூரியன் 5,800. சிரியஸ் ஏ வகை, சுமார் 9,900. மகம் பி வகை, 12,000 அளவில். சித்திரையும் பி வகைதான், 20,000க்கும் மேல். திருவாதிரையிலும் ஹைட்ரஜன் ஏராளமாக உண்டு. ஆனால் அந்தக் குறைந்த சூட்டில் ஹைட்ரஜன் அணுக்கள் கிளர்ச்சியடைவதில்லை. ஆகவே கோடு மங்கல். சிரியஸில் சூடு பொருத்தமாயிருப்பதால் கோடு தடித்துத் தெரிகிறது. ஓ வகையில் சூடு மிகுந்து ஹைட்ரஜன் பெரும்பாலும் எலெக்ட்ரானை இழந்துவிடுவதால் மீண்டும் மங்கல். கோடு தெரியவில்லை என்பதால் பொருளே இல்லை என்று சொல்லக் கூடாது. பொருள் இருக்கிறது, இருக்கும் நிலைமை வேறு.

இதற்கு ஒரு சோதனையும் கிடைத்தது. ரூபிடியத்தின் கோடுகள் சூரிய ஒளியில் தென்படவில்லை. அது மிக எளிதில் அயனியாகும் தனிமம். சூரியப் புள்ளிகள் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்தவை. ஆகவே அங்கே தேடினால் தென்படும் என்று சாஹா முன்கூட்டிச் சொன்னார். அமெரிக்க வானியலறிஞர் ஹென்றி நாரிஸ் ரசல் தேடினார், கண்டார். பின்னர் ஃபௌலர் என்னும் அதே பெயருடைய வேறொரு அறிஞரும் மில்னும் சேர்ந்து 1923இல் கணக்கைச் செம்மை செய்தனர். 1925இல் ஹார்வர்டில் சிசிலியா பெயின் என்னும் 25 வயது ஆராய்ச்சி மாணவி சாஹாவின் வழியைப் பின்பற்றி, விண்மீன்கள் பெரும்பாலும் ஒரே கலவையால் ஆனவை என்றும், அக்கலவையில் ஹைட்ரஜனும் ஹீலியமுமே மிக மிக அதிகம் என்றும் கண்டார். விதிவிலக்கான மீன்கள் உண்டு. ஆயினும் பொதுவான உண்மை இதுவே: வானத்து வகைகளைப் பிரிப்பது முக்கியமாகச் சூடு.

வெண்குறுமீன்கள்

நிறமாலை வகையிலிருந்து உஷ்ணநிலையை நம்பிக்கையோடு கூற முடிந்ததும் இன்னொரு புதிர் கூர்மையடைந்தது. சிரியஸுக்கு ஒரு துணை மீன் உண்டு; 1862இல் தொலைநோக்கியில் கண்டார்கள். எடையோ ஏறக்குறைய சூரியன் அளவு. 1915இல் ஆடம்ஸ் அதன் நிறமாலையை எடுத்தார். வெண்மையான, சூடான மீன். ஆனால் ஒளி மிக மங்கல். சூடான பொருள் மங்கலாயிருந்தால் அது மிகச் சிறியதாயிருக்க வேண்டும் அன்றோ? கணக்குப் போட்டால், சூரியனின் எடை பூமியின் பருமனுக்குள் அடைபட்டிருக்கிறது! ஒரு தேக்கரண்டி அளவு பல டன் எடையிருக்கும். இத்தகையவை வெண்குறுமீன்கள் எனப்படுகின்றன. எரிபொருள் தீர்ந்த மீன் சுருங்கிச் சேரும் இறுதி நிலை அது. பல நூறு கோடி ஆண்டுகளுக்குப் பின் நம் சூரியனுக்கும் அதுவே கதி.

இங்கே சாஹாவின் மாணவர் ஒருவர் வருகிறார். கோத்தாரிக் கல்விக் குழு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அக்குழுவின் தலைவர் தௌலத் சிங் கோத்தாரி, அலகாபாத்தில் சாஹாவிடம் பயின்றவர். வெண்குறுமீனின் உள்ளே சூட்டினால் மட்டுமன்றி, நெருக்கும் அழுத்தத்தாலேயே அணுக்கள் எலெக்ட்ரான்களை இழக்கும் என்று ஆராய்ந்தவர் அவர். சாஹாவின் சமன்பாட்டில் அழுத்தம் கூடினால் அயனியாதல் குறையும். அளவு கடந்த நெருக்கத்திலோ நிலைமை தலைகீழ். ஆசிரியரின் கணக்கு எந்த எல்லை வரை செல்லும் என்று மாணவர் காட்டினார்.

நம்மவர் சுப்பிரமணியன் சந்திரசேகரும் இக்கதையில் உண்டு. 1930 ஜனவரியில் அலகாபாத்தில் நடந்த விஞ்ஞான மாநாட்டுக்குச் சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக அவர் சென்றிருந்தார். அந்த 19 வயது இளைஞரின் கட்டுரையை அறிந்திருந்த சாஹா, அவரைப் பாராட்டித் தம் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். அவ்வாண்டே இங்கிலாந்து செல்லும் கப்பலில் சந்திரசேகர் போட்ட கணக்கிலிருந்துதான், சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேற்பட்ட எடையோடு வெண்குறுமீன் நிலைத்திருக்க முடியாது என்ற முடிவு பிறந்தது. அதற்கு 1983இல் நோபல் பரிசு கிடைத்தது. சாஹாவின் பெயர் அப்பரிசுக்குப் பல முறை பரிந்துரைக்கப்பட்டும் வழங்கப்படவில்லை. உண்ணும் இடத்தில் ஒதுக்கப்பட்டவர், அறியாத மாணவரைத் தம் வீட்டு உணவுக்கு அழைத்தார் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

நாட்டுப் பணி

1921இல் தாயகம் திரும்பிய சாஹா, 1923 முதல் 15 ஆண்டுகள் அலகாபாத்தில் பேராசிரியராக இருந்தார். கருவிகள் குறைவு, கற்பிக்கும் சுமை அதிகம். 1927இல் லண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1938இல் கல்கத்தாவுக்கு மீண்டார். முன்பு ராமன் வகித்த பாலித் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. அணுக்கருப் பௌதிகத்தை இங்கே பாடமாக்கினார். அவர் எழுப்பிய அணுக்கருப் பௌதிக நிலையத்தை 1950 ஜனவரியில் ஐரீன் ஜோலியோ கியூரி அம்மையார் திறந்து வைத்தார். இன்று அது சாஹாவின் பெயர் தாங்கி விதான்நகரில் இருக்கிறது.

ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே அடைந்து கிடக்கும் இயல்பினர் அல்லர் அவர். வெள்ளத்தில் மிதக்கும் கிழக்கு வங்காளத்தில் வளர்ந்தவர். 1922இல் வட வங்காள வெள்ளத்தின்போது ஆசான் பிரபுல்ல சந்திர ராயுடன் நிவாரணப் பணி செய்தார். 1943இல் தாமோதர் நதி கரையுடைத்தபோது, நதியை அடக்கும் வழிகளைப் பற்றி இடைவிடாது எழுதினார். 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் உருவானதில் அவர் உழைப்பு உண்டு. 1935இல் விஞ்ஞானமும் பண்பாடும் என்னும் பொருள்படும் பெயரில் ஆங்கில மாத இதழ் தொடங்கினார். சுபாஷ் சந்திர போஸ் காங்கிரஸ் தலைவராயிருந்த 1938இல் அமைந்த தேசியத் திட்டக் குழுவில் பணியாற்றினார். 1952இல் வடமேற்குக் கல்கத்தாத் தொகுதியிலிருந்து சுயேச்சையாக மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவர் கடைசியாக மேற்கொண்ட பணிகளுள் ஒன்று, நம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரைப் பற்றியது. 1952இல் அமைந்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர் தலைவர். நாட்டில் அன்று வழங்கிய சுமார் 30 பஞ்சாங்கங்களைக் குழு ஆராய்ந்தது. இரவும் பகலும் சமமாகும் நாளில் தொடங்க வேண்டிய ஆண்டு, பழங்கணக்கின் சிறு பிழை நூற்றாண்டுகளாகச் சேர்ந்து, 23 நாள் தள்ளித் தொடங்குவதைக் காட்டியது. நாம் ஏப்ரல் 14இல் சித்திரைப் புத்தாண்டு கொண்டாடுவதும், வங்காளிகள் அதையொட்டிப் பைசாகம் கொண்டாடுவதும் இக்கணக்கின் வழி வந்தவை. 1955இல் குழு தன் அறிக்கையைத் தந்தது. அதன்படி 1957 மார்ச் 22 முதல் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அரசிதழில் அந்தத் தேதி அச்சாகிறது. மக்களோ பழைய பஞ்சாங்கத்தை விடவில்லை. என் அம்மாவும் விடவில்லை.

அந்த நாளைக் காணச் சாஹா இல்லை. 1956 பிப்ரவரி 16ஆம் நாள், டெல்லியில் திட்டக் குழு அலுவலகத்துக்கு நடந்து சென்றுகொண்டிருந்தபோது மாரடைப்பால் சாய்ந்தார். வயது 62.

நமக்கு ஒரு சொல்

நண்பர்களே, சாஹாவின் வாழ்க்கையை வறுமையை வென்ற கதை என்று மட்டும் படித்துவிட்டுப் போவது எளிது. எனக்கு அதில் வேறொன்று தோன்றுகிறது. சிமுலியாவில் ஒரு வைத்தியர் இடமும் சோறும் தராதிருந்தால், ஒரு சகோதரர் தம் சொற்பச் சம்பளத்தில் பங்கு தராதிருந்தால், ஒரு துணைவேந்தர் பெயரைப் பாராமல் வேலை தராதிருந்தால், அந்த மளிகைக் கடையில் நிறுத்த எடைக்கு மேல் அவர் எதையும் அளந்திருக்க மாட்டார். எத்தனை பேர் அப்படிக் கடையிலேயே நின்றுவிட்டார்கள் என்பதற்கு எந்தச் சமன்பாடும் இல்லை.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் ஊரிலிருந்து புதிய மாணவர் இந்நகருக்கு வந்து இறங்குகிறார்கள். மொழி தெரியாது, தங்க இடம் அமையாது. அவர்களைக் கண்டால் என்ன படிக்கிறாய், எங்கே தங்கியிருக்கிறாய், சாப்பிட்டாயா என்று கேட்போம். ஊரைக் கேட்பதிலும் தவறில்லை. ஊரோடு நிறுத்திக்கொள்வோம்.

வரும் மார்கழியில் வானம் தெளிவாயிருக்கும் இரவொன்றில் எங்கள் விடுதி மாடிக்கு வாருங்கள். திருவாதிரையையும் சிரியஸையும் காட்டுகிறேன். ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. இரண்டும் ஏறத்தாழ ஒரே கலவைதான்.